புறாவைக் காப்பாற்றியது புத்தகமா, எலிப்பொறியா?

பழைய சாக்பீஸ் (ரோஸ்ஹில்)

எங்கள் வாசகர் வட்டத்தில் போன வாரம் ஒரு சச்சரவு. இயற்கை எழுத்தாளர் ஜெரால்ட் டர்ரெல் எழுதிய 'கோல்டன் பேட்ஸ் அண்ட் பிங்க் பிஜன்ஸ்' (பொன்னிற வௌவால்களும் இளஞ்சிவப்புப் புறாக்களும்) புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி அலமாரியில் வைக்கலாம் என்றேன். 1976இல் மொரிஷியஸுக்கு வந்து, இங்குள்ள இளஞ்சிவப்புப் புறாவையும் ரொட்ரீக்ஸ் தீவின் பொன்னிற வௌவாலையும் ரவுண்ட் தீவின் பல்லிகளையும் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டே அவர் வெளியிட்ட புத்தகம் அது. "வெள்ளைக்காரர் சுற்றிப் பார்த்து எழுதியது நமக்கு எதற்கு?" என்றார் ஒருவர். பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அங்கே சொல்ல வாய்க்காததை இங்கே கொட்டுகிறேன்.

என் கட்சி இதுதான்: அந்த மனிதர் எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் புறா இன்று இல்லை. அவர் எழுதியது பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. 1959இல் ஜெர்சி தீவில் அவர் தொடங்கிய விலங்குக்காட்சிச்சாலை, பதிப்பாளர் ஜாமீன் நின்ற கடனிலும் புத்தகம் விற்ற காசிலும் எழுந்தது. 1963இல் அவர் நிறுவிய அறக்கட்டளைக்குச் சின்னமாக எடுத்துக்கொண்டது நம்முடைய டோடோவை. உலகத்தில் எத்தனையோ பறவைகள் அழிந்திருக்கின்றன; அவர் தேர்ந்தெடுத்தது நம் ஊர்ப் பறவையை. பிறகு இங்கே வந்தார், எழுதினார். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள், ஆட்கள் வந்தார்கள். 1977இல் ஜெர்சியில் தொடங்கிய பயிற்சிக்கு முதல் மாணவராகப் போனவர் நம் யூசுப் முங்ரூ. பின்னாளில் நம் தேசியப் பூங்காத் துறைக்கு முதல் இயக்குநரும் அவரே. எழுத்திலிருந்து செயலுக்கு இதைவிட நேரான பாதை வேறு எங்கே இருக்கிறது?

களைபிடுங்கி (ரிவியேர் நுவார்)

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். புத்தகம் வந்தது 1977. காட்டில் இளஞ்சிவப்புப் புறாக்கள் பத்துக்குக் குறைந்தது 1991இல். பதினான்கு வருடம் உலகமே படித்திருக்கிறது, புறாவும் அந்தப் பதினான்கு வருடமும் குறைந்துகொண்டே போயிருக்கிறது. பிறகு எது அதைத் தூக்கி நிறுத்தியது? எலியைக் கொன்றார்கள். காட்டுக்குள் தீவனப் பெட்டி வைத்துத் தானியம் போட்டார்கள். முட்டையை எடுத்து வளர்ப்புப் புறாக்களுக்கு அடியில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். கூட்டைக் காவல் காத்தார்கள். 2018இல் அழிவுப் பட்டியலில் ஒரு படி இறங்கி 'அழிய வாய்ப்புள்ள இனம்' ஆனது என்றால் அது இந்த வேலையால். இந்த வேலையைச் செய்தவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நான் அந்தக் காட்டில் கூலிக்குக் களை பிடுங்கியிருக்கிறேன். எது களை என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கோயாவ் தெ சின்! குளிர்காலத்தில் பிளேன் ஷாம்பாஞ்ஞில் காரை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுகிறோமே, அதே சிவப்புக் கொய்யா. அது புதர் கட்டிய இடத்தில் கீழே வெளிச்சம் விழாது, கருங்காலிக் கன்று ஒன்றும் தலை தூக்காது. வெட்டிவிட்டால் மட்டும் போதாது. அடிக்கட்டையில் மருந்து தடவ வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த முறை போகும்போது அங்கே நான்கு தளிர் நிற்கும். கை முழுக்கக் கீறல், கால் முழுக்க அட்டை போல ஒட்டும் சேறு. இந்த மண்ணுக்கே உரிய காடு நல்ல நிலையில் இருப்பது இந்தத் தீவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதைக் காப்பது கத்தி, மருந்து, சம்பளம், மூன்றும்தான். பேனாவை யாரும் காட்டுக்குள் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

பழைய சாக்பீஸ்

தம்பி, சம்பளம் எங்கிருந்து வந்தது?

இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 1991இல் காட்டில் பத்து என்றால், ஜெர்சியிலும் ரிவியேர் நுவாரிலும் கூண்டில் எத்தனை இருந்தன? 1977இல் கொண்டுபோனவை பெருகியிருந்ததால்தான் 1987 முதல் காட்டில் திரும்ப விட முடிந்தது. கூண்டில் இருப்பு இல்லாமல் போயிருந்தால் உங்கள் எலிப்பொறி யாருக்காக? ரிவியேர் நுவாரில் உள்ள இனப்பெருக்க மையத்துக்கு அவர் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

களைபிடுங்கி

கூண்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அவருடைய அறக்கட்டளையின் வேலை, புத்தகத்தின் வேலை அல்ல. மொரிஷியஸ் வல்லூறை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் காட்டில் தெரிந்தவை நான்கே நான்கு. மலேரியா ஒழிக்க அடித்த டிடிடி, காடழிப்பு, எலி, கீரி, குரங்கு எல்லாமாகச் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. 1979இல் வேல்ஸிலிருந்து கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வந்தார். வல்லூறுக் காப்புத் திட்டத்தை மூடிக் கட்டிவிட்டு வரச் சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். அவர் மூடவில்லை. பாறை இடுக்கில் ஏறி முதல் ஈட்டு முட்டைகளை எடுத்தார்; தாய்ப்பறவை மறுபடி முட்டை இட்டது. எடுத்ததை அவர் பொரிக்கவைத்தார், இட்டதை அது பொரித்தது. பிறகு நூற்றுக்கணக்கில் பெருகியது. இதில் எழுத்து எங்கே வந்தது? வல்லூறு அந்தப் புத்தகத்தின் தலைப்பில்கூட இல்லை.

இன்னொன்று. எழுத்து ஊரைக் காப்பாற்றும் என்றால் நமக்கு அது 1788இலேயே நடந்திருக்க வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் தெ சேன்-பியேர் இந்தத் தீவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்ப் 'பால் எ விர்ஜினி' நாவலை எழுதினார். ஐரோப்பாவே அழுதது. இந்தத் தீவின் மரமும் அருவியும் உலகம் முழுக்கப் பிரசித்தம். அடுத்த நூறு வருடத்தில் என்ன நடந்தது? மரத்தை வெட்டிவிட்டுக் கரும்பு நட்டார்கள். வெட்டிய கைகளில் நம் பாட்டன்மார் கையும் உண்டு. தோட்டத்துரை வெட்டச் சொன்னான், வெட்டினார்கள். விர்ஜினிக்குச் சிலை வைத்தார்கள், கருங்காலிக்கு என்ன வைத்தார்கள்?

பழைய சாக்பீஸ்

நல்ல கேள்வி. அது காதல் கதை; படித்தவர் கண்ணீர் விர்ஜினிக்குப் போனதே தவிர மரத்துக்குப் போகவில்லை. மரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் காலத்திலேயே இங்கு நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ர். 1769இல் சட்டமே போட்டார்: நிலத்தில் கால்பங்கைக் காடாக விட்டுவைக்க வேண்டும், மலைச்சரிவில் வெட்டக்கூடாது என்று. அந்தச் சட்டம் மட்டும் காப்பாற்றியதா? இல்லையே! நீங்கள் புத்தகம் தோற்றது என்கிறீர்கள். சட்டமும் அதே ஊரில், அதே மரத்திடம் தோற்றது. அதனால் சட்டம் வேண்டாம் என்பீர்களா?

ஊர்க்காரர்கள் மனதில் ஊன்றாத சட்டம் காகிதம்தான். ஊன்றுவதற்கு ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) அப்படிப்பட்டவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் எழுதினார், ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் சாகும்வரை, 46 ஆண்டுகள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காட்டுயிர் பற்றி எழுதினார். வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடாதீர்கள், அந்தந்த மண்ணின் மரத்தை வளர விடுங்கள் என்று அந்தக் காலத்திலேயே சண்டை போட்டவர். களைபிடுங்கித் தம்பி, உங்கள் கொய்யாப் புதரைப் பார்த்திருந்தால் உங்களோடு சேர்ந்து அவரும் திட்டியிருப்பார்.

லீச்சித் தோட்டம் (வடக்கு)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். புறா, வல்லூறு, பிரெஞ்சுக்கார நாவல் எல்லாம் சரி. புத்தகத் தலைப்பில் முதலில் இருப்பது வௌவால். அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக் காணோம்.

என்னிடம் லீச்சி மரங்கள் இருக்கின்றன. தாத்தா வைத்தவை. நவம்பர் முடிவில் பழம் சிவக்கத் தொடங்கியதும் இருட்டிய பிறகு நம் தீவின் கறுப்பு வௌவால் வரும். முதலில் ஒன்று மட்டும் மரத்தைச் சுற்றிவிட்டுப் போகும், பின்னாலேயே கூட்டம். தலைகீழாகத் தொங்கி, பழத்தைக் கால் நகத்தால் பிடித்துக்கொண்டு தோலைக் கிழிக்கும். சதையை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். காலையில் மரத்தடிக்குப் போனால் சக்கை உருண்டை, கொட்டை, பாதி கடித்துப் போட்ட பழம், மேலே ஈ. ஒரு குலையில் மூன்று தின்றிருக்கும், பத்தை உதிர்த்திருக்கும். அந்தப் பத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

2015இல் அரசு சுடச் சொன்னது. 30,000க்கும் மேல் சுட்டார்கள். 2016இலும் 2018இலும் மறுபடி. எனக்கு மகிழ்ச்சியா என்று கேட்காதீர்கள். ஆனால் அப்போது வெளிநாட்டிலிருந்து எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதினார்களே, அவர்களில் ஒருவர் கூட எங்கள் மரத்தடியைப் பார்த்தவரில்லை. இயற்கை எழுத்தாளர்கள் எல்லாரும் வௌவால் பக்கம். லீச்சிக்காரன் பக்கம் எழுத ஆள் உண்டா?

களைபிடுங்கி

அண்ணா, உங்கள் பழத்தை வௌவால் மட்டுமா தின்கிறது? மைனாவும் கொத்துகிறது, சின்னானும் கொத்துகிறது. இரண்டும் இந்தியாவிலிருந்து வந்தவை. மைனாவை 1762இல் வெட்டுக்கிளி தின்னட்டும் என்று கொண்டுவந்தார்கள். வெட்டுக்கிளி போய்விட்டது, மைனா நம்மோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வௌவால் இந்தத் தீவின் சொந்தக்காரன். காட்டு மரங்களின் விதையைச் சுமப்பதும் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவதும் அது. சுட்ட பிறகு உங்கள் பழம் மிஞ்சியதா, அதைச் சொல்லுங்கள்.

லீச்சித் தோட்டம்

மிஞ்சவில்லை. ஒரு வருடம் குறைந்த மாதிரி இருந்தது, அடுத்த வருடம் பழையபடி. அதனால்தான் மகிழ்ச்சியா என்று கேட்காதீர்கள் என்றேன். சுட்டதில் கண்ட பலன், 2018இல் உலகப் பட்டியலில் நம் வௌவாலை 'அருகிவரும் இனம்' என்று மேலே ஏற்றிவிட்டார்கள். பழமும் போயிற்று, பெயரும் போயிற்று.

செந்தெனி வாசகன் (ரெயூனியன்)

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு வார்த்தை. அதே கறுப்பு வௌவால் எங்கள் தீவில் 18ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. இந்த நூற்றாண்டில் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைத் தாண்டி உங்கள் ஊரிலிருந்து தானாகத் திரும்பி வந்து எங்களிடம் குடியேறியிருக்கிறது. இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பார்த்தவர்கள் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அங்கே துப்பாக்கி, இங்கே விருந்தாளி!

லீச்சித் தோட்டம்

உங்களிடம் இருப்பது சில நூறு. இங்கே இருப்பது பல்லாயிரம். விருந்தாளி ஐம்பது பேரோடு தினமும் சாப்பிட வரும்போது மறுபடி எழுதுங்கள் ஐயா.

பழைய சாக்பீஸ்

தோட்டக்கார ஐயா சொன்னதில் ஒரு முனை எனக்கு உதவுகிறது; அவர் கோபித்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்கிறேன். டர்ரெல் எழுதிய பொன்னிற வௌவால் ரொட்ரீக்ஸில் உள்ளது. எழுபதுகளில் நூற்றுக்கும் கீழே போயிருந்தது. இன்று 20,000 அளவில் இருக்கிறது. அதன் தம்பி, நம் கறுப்பு வௌவாலைச் சுடுகிறோம். இரண்டும் பழம்தான் தின்கின்றன. ஒன்றுக்கு எழுத்தாளர் கிடைத்தார், மற்றதற்குக் கிடைக்கவில்லை. வேறென்ன வேறுபாடு?

களைபிடுங்கி

நிறைய வேறுபாடு! ரொட்ரீக்ஸில் ஏற்றுமதிக்கு லீச்சித் தோப்பு கிடையாது. அங்கே காடு மறுபடி வளர்த்தார்கள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் வௌவாலைப் பற்றிப் பேச ஆள் வைத்தார்கள். பேசியது கிரியோலில், முகத்துக்கு முகம். ஆங்கிலப் புத்தகம் படித்து ரொட்ரீக்ஸ் மீனவர் மனம் மாறினார் என்று நீங்களே நம்பமாட்டீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பல தலைமுறையாக. எந்த எழுத்தாளர் சொல்லி நிறுத்தினார்கள்?

மாயெபூர்ப் பெண்

ஆண்கள் எல்லாரும் அச்சடித்ததை மட்டும் எழுத்து என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் எங்கள் பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன் கடலில் கலந்தது. அன்று என் கைபேசிக்கு வந்தது ஒரு வரி: "கரும்புச் சோகை வேண்டும், சாக்கு வேண்டும், ஊசி நூல் உள்ளவர்கள் வாருங்கள்." யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. மாயெபூர் கடற்கரையில் தெரு கொள்ளாத கூட்டம். கரும்புச் சோகையைத் துணிக்குழாயில் அடைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துத் தைத்து, கடலில் இறக்கினோம். இறுக்கி அடைக்காவிட்டால் துணி தொய்ந்து எண்ணெய் மேலே ஏறிப் போய்விடும். தளர்ந்ததைப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லி ஒரு கிழவி எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பிரார்த்தனை வேறு, தையல் வேறு என்றார். நாற்றம் தலைமுடியை விட்டுப் போக நாளாயிற்று.

எதிரே இல் ஓ சேக்ரெத் தீவு. 26 ஹெக்டேர், கருங்காலி நிற்கும் பழைய கடலோரக் காட்டின் மிச்சம். இளஞ்சிவப்புப் புறாவைக் கொண்டுவந்து விட்டிருக்கும் இடம். அங்கிருந்த நாற்றுகளைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாத செடிக்குப் படகு யார் கொடுப்பார்? அந்தச் செடி என்ன, ஏன் வேறெங்கும் இல்லை என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே வழிகாட்டியாக இருப்பவர்கள் வருடக்கணக்காகச் சொன்ன கதைதான் காரணம். அந்தக் கதையை அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று பின்னோக்கிப் போனால் ஏதோ ஓர் இடத்தில் சாக்பீஸ் ஐயாவின் புத்தகம் வரலாம். வராமலும் போகலாம். எனக்கு அது முக்கியம் அல்ல.

களைபிடுங்கி

அக்கா சொல்வதற்கு நான் எதிரியல்ல. மாயெபூரில் கடல் என்றால் சோறு. சோற்றில் எண்ணெய் விழுந்தால் யாரும் ஓடி வருவார்கள். சோறு தராத மரப்பல்லிக்காக யார் ஓடுவார்கள்?

பழைய சாக்பீஸ்

அதற்குத்தானே தம்பி எழுத்தாளர்! சோறு போடாததன்மேல் பாசம் வரவைப்பதற்கு வேறு என்ன கருவி இருக்கிறது? ரவுண்ட் தீவுக்கு நீங்களோ நானோ போக முடியாது. அனுமதி இல்லாமல் கால் வைக்க விடமாட்டார்கள். 219 ஹெக்டேர் பாறை. மேய்ச்சலுக்கு விட்ட ஆடும் முயலும் சேர்ந்து மொட்டையடித்த இடம். அங்கே மட்டுமே இருந்த இரண்டு பாம்புகளில் ஒன்றைக் கடைசியாகப் பார்த்தது 1975இல். அவர் வந்ததற்கு முந்தைய வருடம்! அந்தப் பாறையைப் பற்றிப் படித்துவிட்டு இங்கிலாந்தில் யாரோ ஒரு பாட்டி காசோலை எழுதினாள். 1979க்குள் ஆடுகள் போயின. 1986இல் நியூசிலாந்துக்காரர்கள் உதவியோடு முயலையும் ஒழித்தார்கள். மற்றப் பாம்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. பாம்புக்காக! பல்லிக்காக! சோற்றுக் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

களைபிடுங்கி

பாட்டியின் காசோலையை எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. என் வருத்தம் வேறு. அந்தப் புத்தகத்தைப் படித்தவர் காசு அனுப்பும் தூரத்தில் இருந்தார். களைமருந்தைத் தோளில் சுமப்பவர், லீச்சி இழப்பவர், சாக்கு தைப்பவர் யாருக்கும் அது எழுதப்படவில்லை. மா. கிருஷ்ணன் தமிழில் எழுதினார் என்கிறீர்கள். அது சென்னைக் குயிலைப் பற்றி. இந்தத் தீவின் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, கோவில் கோபுரத்தில் இருக்கிறது. இங்குள்ள ஒரு பறவையைப் பற்றித் தமிழில் பத்துப் பக்கம் காட்டுங்கள், பார்க்கலாம்.

பழைய சாக்பீஸ்

இல்லை. அது உண்மை. கடைசியில் நீங்களே புத்தகம் வேண்டும் என்ற கட்சிக்கு வந்துவிட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

களைபிடுங்கி

வரவில்லை. எலிப்பொறிதான் முதலில். புத்தகம் யாருக்கு என்று கேட்டேன், அவ்வளவே.

நெறியாளர்

இழை சூடாகிறது, தனிப்பட்ட தாக்குதல் இல்லாதவரை தொடரலாம். தோட்டக்கார ஐயாவின் கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் தரவில்லை என்பதையும் சுட்டிக்காட்டுகிறேன்: லீச்சிக்காரன் பக்கம் யார் எழுதுவது?

மாயெபூர்ப் பெண்

அவரே எழுதட்டுமே. மேலே வௌவால் பழம் தின்பதைப் பற்றி எழுதியிருக்கிறாரே, இந்த இழையில் நான் இரண்டு தரம் படித்தது அதைத்தான். வெறுப்பவர் இவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்.

லீச்சித் தோட்டம்

பழம் எண்ணுவதற்காகப் பார்த்தேன் அம்மா, பாசத்தால் அல்ல.

வலை போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். போடலாம். அரசு மானியமும் உண்டு. தாத்தா வைத்த மரம் வீட்டுக் கூரையைத் தாண்டி நிற்கிறது. ஒரு நாளும் கவாத்து செய்ததில்லை. அதன் மேல் வலையை இழுத்தால் கிளை குத்திக் கிழிகிறது. தளர்வாகப் போட்டால் வௌவால் சிக்கிக்கொண்டு விடியும்வரை கத்துகிறது. வலையை அறுத்துத்தான் அதை எடுக்க வேண்டும், கடிக்கும். இறுக்கிக் கட்டினால் சிக்குவதில்லை, ஆனால் அதற்குச் சட்டகம் அடிக்க வேண்டும், மரத்தைப் பாதி உயரத்துக்கு வெட்ட வேண்டும், மூன்று வருடம் பழம் குறையும். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

தமிழில் எழுத யாராவது கிளம்பினால் நவம்பர் கடைசி வாரம் என் தோட்டத்துக்கு வரலாம். சாக்பீஸ் ஐயா, களைபிடுங்கி இருவரும் சேர்ந்தே வாருங்கள், சண்டையை மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். ஏணி என்னிடம் இருக்கிறது. வரும்போது ரோஸ்ஹில்லில் வலை மீட்டர் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். இங்கே கடைக்காரர் சொல்லும் விலையை நான் நம்பவில்லை.